சாப்பி டப்பா

தயாளனுக்கு வலது தோள்பட்டையில் தொடங்கிய வலி ஃபெரி ஏறும்போது காதடி வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து மழை. கண்டெய்னர்களைக் கப்பலோடு பிணைத்துக் கட்டும் லேஷிங் வேலை மழையில் இரண்டு மடங்கு வேலை. கப்பலின் மேல்தளத்தில் அடுக்கியிருக்கும் கண்டெய்னரின் மூலை ஓட்டையில் கொக்கியை மாட்ட, நீளமான இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும். கம்பி வழியாக இறங்கும் தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து, அக்குளைத் தாண்டி இடுப்பில் போய் நிற்கும். மாட்டிய பிறகு கீழே இருக்கும் திருகை முறுக்கி இறுக்க வேண்டும். துருப்பிடித்த திருகாக இருந்தால் தோளுக்குள் ஏதோ நறநறவென்று அரைபடுவது அவனுக்கே கேட்கும்.

பட்டர்வொர்த்தில் மோட்டர் சைக்கிளோடு தீவுக்குப் போகும் ஃபெரி ஏறி, ஓரக் கம்பியில் சாய்ந்து நின்றான். வலது கை மேலே வர மறுத்தது. இடது கையால் பையைத் துழாவி ஹேண்ட்ஃபோனை எடுத்தான். கப்பலில் வேலை செய்யும்போது ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. காலையிலிருந்து பார்க்காத அவனுடைய குரூப் கொதித்துக் கிடந்தது.

மேலே ஒரு படம். ஐஸ்கிரீம் வந்த நீல டப்பா. மூடியில் கறுப்பு மார்க்கரால் ஆங்கில எழுத்தில் ‘சாப்பி’ என்று எழுதியிருந்தது. படத்தைப் போட்டவன் குகன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரியில் வேலை செய்கிற பையன், பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருப்பவன்.

“சொந்தங்களே, நல்லா பாத்துக்குங்க. நம்ம தினமும் பசியாறுற ஹமீதா கடையில எடுத்தது. சாப்பின்னா மாடு. என்கூட வேல செய்யிற இந்தோனேசியா பொண்ணுங்களக் கேட்டுட்டுத்தான் போடுறேன். புரட்டாசி மாசத்துல நமக்கு மாட்டுக் கொழுப்பு ஊத்தித் தோச சுடுறாங்க.”

கீழே திட்டுகள் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. கடைசியில் ஒருத்தன் தயாளனையே பிடித்திருந்தான். “அட்மின் அண்ணே, இன்னிக்கு நீங்க தின்ன தோச வயித்துக்குள்ள அம்மான்னு கத்துச்சா?”

தயாளனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மலாயில் மிஞ்ஞாக் சாப்பி என்றால் நெய், மூடியில் பாதிப் பெயரைத்தான் எழுதியிருக்கிறது. இந்த ஊரில் எந்தக் கடையில் நெய் டின் வாங்கினாலும் அப்படித்தான் போட்டிருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த டின் இல்லாத தமிழ் வீடு கிடையாது. இந்தோனேசியாக்காரர்கள் மாட்டைச் சாப்பி என்பார்கள், அதுவும் சரிதான். பையன் பாதி மலாயும் பாதி இந்தோனேசியாவும் தெரிந்துகொண்டு நடுவில் விழுந்திருக்கிறான்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. முதல் எழுத்தான ‘எஸ்’ ஐந்தாம் நம்பர் மாதிரி மொட்டையாக வளைந்திருந்தது. அவன் வீட்டு உப்பு டப்பாவிலும் சீனி டப்பாவிலும் அதே வளைவுதான். அது அவன் மனைவி லோகேஸ்வரியின் எழுத்து.

*

அந்தக் குரூப்பை அவன் தொடங்கிய கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

தயாளன் துறைமுகத்தில் குனிந்து நிமிர்கிற ஆள். ஃபோர்மன் கத்தினால் பதில் பேச மாட்டான். ஆனால் ஃபோனில் அவன் வேறு ஆள். எல்லாரும் வைத்திருக்கும் அந்தப் பெரிய தளத்தில் ‘கிராமாட் சொந்தங்க’ என்று ஒரு பக்கம் நடத்தினான். மோட்டர் காணாமல் போனால், வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், யாராவது செத்தால், டத்தோ கிராமாட் வட்டாரத்துத் தமிழர்கள் அதில்தான் பார்ப்பார்கள். பாசாரில் முகம் தெரியாதவன்கூட “அட்மின் அண்ணே” என்று கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுப்பான்.

கீழ்மாடியில் இருந்த அப்துல் அஜீஸ் பாய் போன வருஷம் மௌத்தானார். தயாளன் துறைமுகத்துக்கு வந்த காலத்தில் அவர் அங்கே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள்தான் ஹமீதா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அப்பனைப் பார்த்துக்கொண்டு காப்பிக்கடை ஓரத்தில் காலைப் பசியாறல் கடை போட்டிருந்தாள். அத்தா மௌத்துச் செய்தியை எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள். தயாளன் உடனே போட்டான். தொழுகை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில், அடக்கம் எப்போது, எல்லாம் எழுதினான்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு காணாமல் போனது. ஓர் இனத்தாரை இழிவு செய்யும் சொல் இருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. கெலிங் என்பது அந்தச் சொல், தமிழர்களைக் கேவலமாகக் கூப்பிடுவது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் அடிபடாத தமிழ்ப் பிள்ளை இந்த நாட்டில் குறைவு. ஆனால் பள்ளிவாசலுக்கும் அது நிற்கும் சாலைக்கும் அதுதானே பெயர்? சாலை முனையில் பலகை அடித்து எழுதியிருக்கிறது. இது வசவு இல்லை, விலாசம் என்று தயாளன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்ப எழுதினான். மறுபடியும் போட்டான். இந்த முறை பக்கத்தையே முடக்கிவிட்டார்கள்.

அஜீஸ் பாயைத் தூக்கிப் போகத் துறைமுகத்து ஆட்கள் யாரும் வரவில்லை. பிறகு பார்த்தவர்கள் எல்லாம் தெரியவே தெரியாதே என்றார்கள். ஹமீதா ஒன்றும் சொல்லவில்லை. தயாளனுக்குத்தான் பொறுக்கவில்லை. நம்ம வீட்டுச் சாவைச் சொல்ல எவன்கிட்டயோ பெர்மிட் வாங்கணுமா என்று கேட்டு, அந்தத் தளத்தை விட்டு வெளியேறினான். எதையும் அழிக்காத செயலி ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, அதில் அதே பெயரில் குரூப் திறந்தான். ஆட்கள் திரண்டு வந்தார்கள். முதல் நாளே தன் குரலில் ஒரு பதிவு போட்டான்.

“இது நம்ம வீடு. இங்க யாரு எதப் போட்டாலும் நா அழிக்க மாட்டேன். இது எங்க அஜீஸ் பாய் மேல சத்தியம்.”

அந்தப் பதிவு குரூப்பின் உச்சியில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. குகன் போட்ட படத்துக்கு மேலே அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

*

வீட்டுக்குப் போனபோது லோகேஸ்வரி மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அவளும் ஹமீதாவும் கூட்டாகத்தான் கடை நடத்தினார்கள். தோசை, இட்லி, சட்னி லோகேஸ்வரி. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் தேத்தண்ணியும் ஹமீதா. லைசென்ஸ் ஹமீதா பெயரில், அதனால் கடைக்கும் அவள் பெயர்தான். டப்பாக்களில் பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று முனிசிபல்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனதால், லோகேஸ்வரி ஒரு நாள் உட்கார்ந்து எல்லா மூடியிலும் மலாயில் எழுதினாள். நெய்யும் அவள் வாங்கியதுதான். லிட்டல் இந்தியாவில் பெரிய டின்னாக எடுத்து, பாதியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு பாதியை டப்பாவில் ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோவாள்.

“நெய்யின்னு சொல்லிட வேண்டியதுதானே?” என்றான் தயாளன்.

“யார்கிட்ட சொல்ல? கடையில கும்பலா வந்து நின்னுட்டாங்க. கோயில் கமிட்டி ஆளும் நிக்கிறாரு. டப்பா யாரோடதுன்னு கேட்டாரு.”

“நீ என்னா சொன்ன?”

அவள் அரிசியைக் களைந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி களைந்தாள்.

“ஹமீதாவோடதுன்னு சொல்லிட்டேன்.”

தயாளன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“வாயில அப்படி வந்துருச்சுங்க. நா தோச மட்டும்தான் சுடுறேன், சாமானெல்லாம் அவுங்க வாங்குறதுன்னு சொல்லிட்டேன். அவ பக்கத்துலதான் நிக்கிறா. என்னப் பாத்தா. ஒண்ணும் பேசல.” குரல் தாழ்ந்தது. “புரட்டாசி சனிக்கெழம பிரசாதம் நாந்தான் செய்யிறேன். அது என் டப்பான்னு சொன்னா, கோயிலுக்கும் இதத்தான் ஊத்துனியான்னு கேக்க மாட்டாங்களா? நெய்யின்னு சொன்னா நம்புவாங்களா? பூசி மொழுகுறேம்பாங்க.”

அவன் கை கழுவிக்கொண்டு வந்தான். சாப்பாடு எடுத்து வைத்தாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். இடது கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, வலது கையால் தட்டுவரைக்கும் குனிந்து தின்றான். கை வாய்க்கு எட்டவில்லை.

“அது என் எழுத்துன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் அவள்.

அவனுக்குத் தெரியும். ஹமீதாவுக்கும் தெரியும்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹமீதா வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று வாசல் கிரில்லுக்கு வெளியிலேயே நின்றாள். தயாளன் வெளியே போய் நின்றான். அடுக்களையில் இருந்த லோகேஸ்வரி வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு மாவு அரைக்க வேண்டியிருந்தது. கிரைண்டர் உறுமத் தொடங்கியது.

“அண்ணே, அந்தப் படத்த எடுத்துருங்கண்ணே.”

“அழிக்கிறதில்லன்னு சொல்லித்தாம்மா ஆரம்பிச்சேன்.”

“தெரியும்.”

“ஒனக்காக ஒண்ண எடுத்தா, நாளைக்கி இன்னொருத்தன் வருவான், அவனுக்காக ஒண்ணு எடுக்கணும். அப்புறம் அன்னிக்கு நம்ம பக்கத்த முடக்குனவங்களுக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்? ஒங்க அத்தா பேரச் சொல்லி சத்தியம் பண்ணிருக்கேன்.”

“எங்க அத்தா மௌத்துக்குப் போட்டத எடுத்துட்டாங்கன்னுதானே அண்ணே நீங்க வெளிய வந்தீங்க. இப்ப அவரு மகளுக்காக ஒண்ணே ஒண்ண எடுக்கக் கூடாதா?”

தயாளன் தோளைப் பிடித்துக்கொண்டான். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பிடித்தது வலிக்காக இல்லை.

“சரி, எடுக்க வேணாம்,” என்றாள் ஹமீதா. “நெய்யின்னு ஒரு வார்த்த போடுங்க. அட்மின் அண்ணே சொன்னா நம்புவாங்க. ஒரு வார்த்த போதும்லா.”

“பாக்குறேன்.”

“எழுதுனது யாருன்னு நா யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அக்கா பயப்பட வேணாம்னு சொல்லுங்க.”

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாவு அரைபட்டு முடிந்த பிறகும் ஓடியது. ஹமீதா படியிறங்கிப் போன சத்தம் அடங்கியபிறகுதான் லோகேஸ்வரி அதை நிறுத்தினாள்.

அன்றைக்கு ராத்திரி அவன் ஃபோனை எடுத்தான். ‘நெய்’ என்று அடித்தான். அதற்கு முன்னால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இது நெய், எனக்கு எப்படித் தெரியும் என்றால்... அங்கேயே நின்றது. எப்படித் தெரியும் என்று சொன்னால் டப்பா எந்த வீட்டிலிருந்து போனது என்று சொல்ல வேண்டும். அடித்ததை அழித்தான். யாரும் போட்டதை அழிக்க மாட்டேன் என்று சொன்னவன் தான் எழுதியதை மட்டும் அழித்துவிட்டுப் படுத்தான்.

*

கப்பலில் அவனுக்கு ஜோடி மலாய்க்கார ஷாருல். இருவரும் ஒரே கம்பியைப் பிடிக்கிறவர்கள். ஷாருலின் மனைவி கிராமாட் பாசாரில் மீன் வாங்குகிறவள், அவள் காதுக்கும் கதை போயிருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டில் ஷாருல் சிரித்தான். என் அம்மா ரொட்டி ஜாலாவுக்கு மிஞ்ஞாக் சாப்பிதான் ஊற்றுவாள், இத்தனை காலமாக இதுகூடத் தெரியாமலா உங்கள் ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று மலாயில் கேட்டான். தயாளனும் சிரித்து வைத்தான். பிறகு ஷாருல் சோற்றைப் பிசைந்தபடி, அந்தக் குரூப் உன்னுடையதுதானே, நீ ஏன் சொல்லவில்லை என்றான். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். தயாளன் சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்தான். அவன் சிகரெட்டை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

படம் குரூப்போடு நிற்கவில்லை. வேறு குரூப்புகளுக்குப் போனது. தோசை படம், மாட்டுத்தலை படம், ஹமீதா முக்காட்டோடு தேத்தண்ணி ஆற்றும் படம் எல்லாம் சேர்த்து எவனோ பாட்டுப் போட்டு வீடியோவாக விட்டான். காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் மேசை காலியாக இருந்தால் எந்தத் தவுக்கேயும் கொஞ்ச நாள்தான் பொறுப்பார். ஹமீதாவைக் கூப்பிட்டு, கொஞ்ச காலம் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அவள் சாமான்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது லோகேஸ்வரியின் தோசைக்கல்லை நன்றாகத் துடைத்து, காகிதம் சுற்றி, தவுக்கேயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தது. லோகேஸ்வரி அதே இடத்தில், தவுக்கே லைசென்ஸில், மறுபடி தோசைக்கல் போட்டாள். ஆட்கள் வந்தார்கள். இப்போது சுத்தம் என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள். புது வெள்ளை டப்பாவில் தமிழில் ‘நெய்’ என்று எழுதி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்திருந்தாள். அதே டின்னிலிருந்து ஊற்றிய அதே நெய். தயாளன் காலையில் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, துறைமுகக் கேண்டீனில் பசியாறத் தொடங்கினான். கேட்டதற்கு, தோசை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

*

எதையும் அழிக்காத இடம் என்று பெயர் பரவியதால் குரூப்புக்குள் தெரியாதவர்கள் நிறைய நுழைந்திருந்தார்கள். ஒரு நாள் ஃபெரிக்காகக் காத்திருக்கும்போது தயாளன் ஃபோனைத் திறந்தான். பெயர் இல்லாத எவனோ ஒருத்தன் மலாயில் எழுதியிருந்தான். கெலிங் கூட்டமே, மாட்டுக் கொழுப்புக்கு அடித்துக்கொள்கிறீர்களே என்று தொடங்கி, அங்கே இருந்த எல்லார் வீட்டுப் பெண்களையும் இழுத்திருந்தான்.

அதே சொல். இந்த முறை அதற்கு முன்னால் கப்பித்தானும் இல்லை, பின்னால் பள்ளிவாசலும் இல்லை.

தயாளன் கட்டைவிரல் யோசிக்கவில்லை. அழுத்தியது. பதிவு போய்விட்டது. எழுதியவனையும் வெளியே தள்ளியது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. சத்தியம் உச்சியில் அப்படியே குத்தி நின்றது.

உடனே குகன் கேட்டான். “என்னாண்ணே, நீங்களும் அழிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? நல்லதுதான்லா. இவனுங்களையெல்லாம் வச்சிருக்கக் கூடாது.”

தயாளன் கட்டைவிரலைப் பார்த்தான். இவ்வளவு சுலபமான வேலைக்குத்தான் அவள் கிரில்லுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். தன்னைச் சொன்னதும் விரல் தானாக வேலை செய்கிறது. ஃபெரி வந்து ஆட்கள் ஏறினார்கள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். மோட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கேயே நின்று, குரூப்பை மொத்தமாக மூடினான். படம், பாட்டு, சத்தியம் எல்லாம் போயின. மூடிவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது லோகேஸ்வரி, நல்லதாப் போச்சு, சனியன் விட்டது என்றாள். அவனுக்கும் கொஞ்சம் இலேசாக இருந்தது. அந்த இலேசு ராத்திரிச் சோறுவரைக்கும்தான் நின்றது.

*

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவுக்குப் போனான். மலைப்பாதை வளைவுகளில் ஹாண்டிலை முறுக்க முறுக்கத் தோள் பிடித்து இழுத்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். வளைவுக்கு ஒரு மாதிரி வந்தது.

பாசாருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி ஹமீதா கடை போட்டிருந்தாள். சின்னக் கடை. ஒரு மேசை, நாசி லெமாக் பொட்டலங்கள், தேத்தண்ணிக் குவளைகள். கடலுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?”

இல்லை என்றான். பொட்டலத்தைப் பிரித்து, இலையோடு தட்டில் வைத்து, நெத்திலியும் மிளகாய்ச் சம்பாலும் கூடப் போட்டுக் கொடுத்தாள். அவன் இடது கையை ஊன்றிக்கொண்டு குனிந்து தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோளு இன்னும் அப்படியேதான் இருக்கா?”

“மழக்காலம்லா.”

“குரூப்ப மூடிட்டீங்களாமே. ஷாருல் பொண்டாட்டி சொன்னா.”

“மூடிட்டேம்மா. மொத்தமா. ஒனக்காகத்தான்...”

அதை முடிக்கவில்லை. சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது.

ஹமீதா தேத்தண்ணியை இழுத்து ஆற்றினாள். நுரை வந்ததும் அவன் முன்னால் வைத்தாள். கோபமாக இல்லை. அஜீஸ் பாய் செத்த அன்றைக்கும் இதே குரலில்தான் பேசினாள்.

“மூடுறதுக்கு முன்னால அந்த ஒரு வார்த்தயப் போட்டிருக்கலாம்லண்ணே. அத்தன பேரு இருந்தாங்க. இப்ப நீங்க எங்க போயிச் சொல்லுவீங்க?”

கடல்காரர்களில் ஒருவர் தேத்தண்ணி கேட்டார். அவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அத்தனையும் தயாளன் வாயில் சோற்றோடு கிடந்தது. தப்பு எங்க மேலதான் என்று சொன்னால், உடனே அடுத்த கேள்வி வரும். அதைக் கிராமாட்டுக்கு வந்து, காப்பிக்கடையில் நின்று, தவுக்கேயும் கமிட்டி ஆளும் குகனும் இருக்கும்போது சொல்லுவீர்களா என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் அதுதான் கேள்வி. அதற்கு லோகேஸ்வரியின் தோசைக்கல்லை அவனே தூக்கித் தெருவில் போட வேண்டும். அவன் சோற்றை விழுங்கினான்.

எழுந்தபோது அவள் மேசைக்கு அடியிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்று எடுத்தாள். ஜாதிக்காய்த் தைலம். சின்னம்மா வீட்டுத் தோட்டத்துக் காய், இங்கேயே காய்ச்சியது.

“படுக்கப் போகும்போது அக்காவ நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க. ரெண்டு நாள்ல இளகிரும்.”

வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பாட்டில்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் என்ன தைலம் என்று ஹமீதா தன் கையால் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாள். யாரும் தப்பாகப் படித்துவிடாதபடி மூன்று மொழியிலும்.

வீட்டில் லோகேஸ்வரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

“சொன்னீங்களா?”

“இல்ல.”

அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து தேய்த்தாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. தோள் இளகியது. நன்றாகவே இளகியது.

“டப்பாவில் இருந்தது நெய், அதை எழுதி வைத்தது என் பெண்டாட்டி லோகேஸ்வரி.” கிராமாட் காப்பிக்கடையில் நாலு பேர் காதுபட இதைச் சொல்ல வேண்டியவன் தயாளன். ஹமீதாவுக்கு அது இன்றுவரைக்கும் பாக்கி.